நூல் தின்னும் பிள்ளை

என் மகன் நூல் தின்பான். துணி ஓரத்தில் பிரிந்து நிற்கிற நூல், தரையில் கிடக்கிற நூல், தன் சட்டைக் காலரையே கடித்து இழுத்து எடுக்கிற நூல். கொஞ்ச காலம் முன்புவரை சுவரில் உதிரும் சுண்ணாம்பையும் தின்றுகொண்டிருந்தான். எட்டு வயது ஆகிறது. ஆட்டிசம் உண்டு. பேச்சு குறைவு. வேண்டியதைச் சில சொற்களாலும் பட அட்டைகளாலும் கேட்பான். நான் பெரம்பூரில் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறவள். நூலும் துணியும் இல்லாத வீடாக என் வீட்டை மாற்ற முடியாது. எங்கள் வாடகையில் பாதி அதில்தான் வருகிறது.

இந்தப் பழக்கத்துக்கு டாக்டர்கள் சொல்லும் பெயர் பைகா. உணவல்லாத பொருளைத் தின்பது ஒரு மாதத்துக்கு மேல் தொடர்ந்தால், அதுவும் கண்டதையெல்லாம் வாயில் போடும் வயதைக் கடந்த பிறகும் நடந்தால், அந்தப் பெயரைச் சொல்வார்கள். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குப் பொதுவாகச் சொல்வதில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இது அபூர்வமே இல்லை. அமெரிக்காவில் இரண்டரை முதல் ஐந்தரை வயதுவரை உள்ள பிள்ளைகளை வைத்து அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் முன்னின்று நடத்திய பெரிய ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்களில் 23 சதவீதம் பேருக்கு இது இருந்தது. பொதுவான பிள்ளைகளில் 3.5 சதவீதம்தான். ஆட்டிசத்தோடு அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்திருந்தவர்களிடம் 28 சதவீதம்.

இந்த எண்களை மனப்பாடமாக வைத்திருக்கிறேன். "புள்ளைக்கு சோறு போடுறியா இல்லியா?" என்று மாடிப்படியில் நிறுத்திக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு இவை வேண்டும். அவன் பசியால் தின்னவில்லை. அடம்பிடித்துத் தின்னவில்லை. வளர்ப்பில் குறை இருந்து தின்னவில்லை.

என் அத்தை, அதாவது மாமியார், வேறு மாதிரி. "கண்ணனே மண்ணு தின்னவன்தான், விடும்மா" என்பார். அன்பில் சொல்வதுதான். அந்த அன்பு எனக்குத் தேவையாகவும் இருந்தது. ஆனால் நூல் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்து சுருண்டு குடலை அடைக்கும் என்று தெரிந்த பிறகு யாராலும் விட்டுவிட முடியாது.

இத்தனை நாளில் எனக்குப் புரிந்தது இதுதான். தின்பது ஒரே பிள்ளை என்றாலும், ஒவ்வொரு பொருளையும் ஒவ்வொரு காரணத்துக்காகத் தின்கிறான். சுண்ணாம்புக்கு ஒரு காரணம், நூலுக்கு வேறு காரணம், பாட்டி பார்க்கும்போது மட்டும் வாய்க்குள் போகும் காகிதத்துக்கு இன்னொரு காரணம். காரணம் தெரியாமல் எல்லாவற்றுக்கும் "துப்பு, துப்பு" என்று கத்துவதில் ஒரு பயனும் இல்லை.

சுண்ணாம்பு விஷயத்தை முதலில் சொல்கிறேன். எங்கள் வீடு இரண்டாவது மாடி, மேலே மொட்டை மாடி. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்தால் படுக்கையறைச் சுவர் ஓதம் ஏறி, பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். அதை நகத்தால் நெம்பி, அடியில் இருக்கும் சுண்ணாம்போடு சேர்த்து வாயில் போட்டுக்கொள்வான். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். டாக்டரம்மா முதலில் அவன் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், அப்புறம் நகங்களை. ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் எடுக்கச் சொன்னார். ஹீமோகுளோபின் ஓரளவு சரியாக இருக்கும்போதே உடம்பில் இரும்புச் சேமிப்பு காலியாகியிருக்கலாம், அதைக் காட்டுவது ஃபெரிட்டின்தான் என்றார். துத்தநாகமும் ஈயமும் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவும் எழுதிக் கொடுத்தார்.

ஃபெரிட்டின் மிகக் குறைவாக வந்தது. யோசித்துப் பார்த்தால் வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். அவன் சாப்பிடுவது வெள்ளையாக இருப்பதை மட்டும்: தயிர்சாதம், இட்லி, பால். பாலில் இரும்பு மிகக் குறைவு, வயிற்றையும் நிரப்பிவிடும், மற்ற உணவில் இருக்கும் இரும்பு உடம்பில் சேர்வதையும் குறைக்கும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் இப்படி நாலைந்து உணவை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பார்கள், அதனால் இந்தச் சோதனை எல்லோருக்கும் அவசியம் என்று நினைக்கிறேன். அத்தை சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) வாங்கி வந்து மிளகு போட்டு வதக்கினார். அவன் கிட்டேயே வரவில்லை, மூத்த மகள் சாப்பிட்டாள். அவனுக்கு இரும்பு டானிக்தான். பாலோடும் டீயோடும் கொடுக்காமல் எலுமிச்சைச் சாறோடு, பல்லில் கறை படியாமல் ஸ்ட்ராவில் கொடுத்தோம். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். மலச்சிக்கல் வந்தது, அதற்கும் மருந்து கொடுத்தார்கள்.

ஈயத்தைப் பற்றி நம் ஊரில் பேச்சே இல்லை. பேச வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். இந்தியாவில் வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் வந்து 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எங்கள் கட்டடம் அதற்கு ரொம்ப முந்தியது. ஈயம் பிள்ளையின் மூளை வளர்ச்சியைத் தொடும். இந்த அளவுவரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. அதோடு, இரும்பு குறைந்த உடம்பு ஈயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும். இரண்டும் ஒன்றையொன்று கூட்டிக்கொண்டு போகும். நல்லவேளை, அவனுக்கு ஈயம் குறைவாகவே வந்தது. வீட்டு ஓனரிடம் ரிப்போர்ட்டைக் காட்டிப் பேசினோம், சுவரைச் சுரண்டிப் பூச ஒத்துக்கொண்டார். உலர்ந்த பெயிண்டைச் சுரண்டினால் தூசி பறக்கும், ஈயம் இருந்தால் அந்தத் தூசியோடுதான் வீடு முழுக்கப் பரவும். அதனால் சுவரை நனைத்துச் சுரண்டச் சொன்னேன். வேலை முடிந்து வீட்டை ஈரத்துணியால் துடைத்து முடிக்கும்வரை பிள்ளைகள் திருநின்றவூரில் என் அம்மா வீட்டில் இருந்தார்கள்.

சுண்ணாம்பு நின்றது. டானிக்காலா, சுவர் சரியானதாலா என்று பிரித்துச் சொல்ல மாட்டேன், இரண்டையும் சேர்த்தேதான் செய்தோம். "வயித்துல பூச்சி இருக்கும்" என்று சொல்கிறவர்களும் பாதி சரிதான். மண், சுவர் என்று தின்கிற பிள்ளைக்குப் பூச்சி வர வாய்ப்பு அதிகம். கொக்கிப்புழு இரத்தத்தையும் குறைக்கும். பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களை ஒட்டிப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கும் குடற்புழு மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.

ஆனால் நூல் நிற்கவில்லை. ஃபெரிட்டின் ஏறிய பிறகும் நூல் அப்படியே இருந்தது.

அவனுக்குப் பயிற்சி கொடுக்கிற தெரபிஸ்ட் ஒரு வேலை கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் என்ன தின்றான், எங்கே, எத்தனை மணிக்கு, அதற்கு முந்தைய நிமிஷம் என்ன நடந்துகொண்டிருந்தது, தின்றதும் நாங்கள் என்ன செய்தோம் என்று எழுதச் சொன்னார். என் அளவு நோட்டின் பின்பக்கங்களில் கோடு போட்டு எழுதினேன். எழுத எழுதத்தான் கண்ணுக்குத் தெரிந்தது. காகிதம் முழுக்க அத்தை ஹாலில் இருக்கும் நேரங்களில். காலண்டர் தாளைக் கிழிப்பான், அத்தையைப் பார்ப்பான், அப்புறம் வாயில் போடுவான். அத்தை "ஐயோ ஐயோ" என்று எழுந்து ஓடி வருவார். இவன் சிரித்துக்கொண்டே கட்டிலைச் சுற்றி ஓடுவான். அவனோடு விளையாட வேறு யாரும் அந்த நேரத்தில் இல்லை. விளையாட்டுக்குக் கூப்பிடும் வழியாக அவன் கண்டுபிடித்தது காகிதம். இப்போது அவன் பள்ளியிலிருந்து வந்ததுமே அத்தை அவனோடு கட்டிலைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடிவிடுகிறார், முழங்கால் வலியோடு. காகிதத்தை எடுத்தால் ஓடி வருவதில்லை. எழுந்து நின்று, கையை நீட்டி, குரல் உயர்த்தாமல் "குடு ராஜா" என்கிறார். காகிதம் ஏறக்குறைய போய்விட்டது.

நூலுக்கு யாரும் பார்க்க வேண்டியதில்லை. தனியாக இருக்கும்போதும் தின்பான், நான் மிஷினில் உட்கார்ந்திருக்கும்போதும் தின்பான். நோட்டில் தெரிந்த ஒரே ஒழுங்கு, கை சும்மா இருக்கும் நேரம். பள்ளியிலிருந்து வந்து டிபனுக்குக் காத்திருக்கும் நேரம், பஸ் ஸ்டாப், கரண்ட் போன நேரம்.

அதை எப்படித் தின்கிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டுவான். முறுக்கேறியதும் மேலுதட்டில் இடமிருந்து வலமாக மெதுவாக இழுப்பான், கண் பாதி மூடும். திரும்ப ஒருதரம் இழுப்பான். அப்புறம் முன்பல்லில் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு நுனியைக் கையால் விண்ணென்று இழுப்பான். கடைசியில்தான் கடைவாய்க்குப் போகும், நறநறவென்று அரைப்பான், விழுங்குவான். இதைத் தெரபிஸ்டிடம் நடித்துக் காட்டினேன். அவன் தேடுவது இழுவையும் தாடைக்கு ஒரு அழுத்தமும் என்றார். ருசிக்காகத் தின்னவில்லை. வாய்க்கு வேலை வேண்டும், அதைக் கொடுத்தால் நூலின் தேவை குறையும். உதட்டில் இழுக்கும் அந்தச் சில விநாடிகள்தான் நாம் குறுக்கிடுவதற்கான இடம் என்றும் காட்டிக் கொடுத்தார். வாய்க்குள் போன பிறகு விரலை விட்டுத் தோண்டினால் கடிபடுவோம், அவனும் அடுத்த தடவை சட்டென்று விழுங்கக் கற்றுக்கொள்வான்.

அதனால் வீட்டில் மூன்று இடங்களில் சிவப்பு டப்பா வைத்தோம். நூல் கையில் இருக்கும்போது, அவன் கைமேல் என் கையை வைத்து டப்பாவில் போட வைத்து, அந்த நிமிஷமே ஒரு துண்டு முறுக்கு. நாள் ஆக ஆக என் கையை எடுத்துவிட்டு விரலால் டப்பாவைக் காட்டினேன், பிறகு அதுவும் வேண்டியிருக்கவில்லை. இதில் ஒரு சிக்கல் வரும், முன்பே தெரிந்திருப்பது நல்லது. பிள்ளை முறுக்குக்காகவே நூல் தேடித் தேடிப் பொறுக்க ஆரம்பிக்கும். அவனும் ஆரம்பித்தான், என் மிஷின் கீழே தவழ்ந்து. அதற்கு வழி, நூலை எடுக்காமல் கையில் வேறு வேலையோடு இருக்கும் நேரத்துக்கும் முறுக்கு கிடைக்கும்படி செய்வது. கீரை ஆய்ந்து கொடுத்தால், பட்டாணி உரித்தால், சப்பாத்தி மாவு பிசைந்தால் கிடைக்கும். கீரை ஆய்வதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அரைக்கீரைக் கட்டு ஒன்றைப் பிரித்து, தண்டைத் தனியாக, இலையைத் தனியாக வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பான்.

வாய்க்கு என்ன கொடுப்பது என்பதில் தெரபிஸ்ட் தந்த சிலிக்கான் கடிப்பான் கழுத்தில் தொங்குகிறது, பள்ளிக்கும் போகிறது. கடித்துப் பிய்ந்து போனதா என்று தினமும் இழுத்துப் பார்க்க வேண்டும், விரிசல் விட்டால் உடனே மாற்ற வேண்டும். உணவில் தேடியதில் நாங்களே கண்டுபிடித்தது பனங்கிழங்கு. பொங்கல் சமயத்தில் பெரம்பூர் மார்க்கெட்டில் கட்டுக் கட்டாக வரும். வேகவைத்து, நடுத்தண்டை எடுத்துவிட்டு, நாரை உரித்து, சின்னத் துண்டாக நறுக்கிக் கொடுத்தால் நன்றாக மெல்ல வேண்டியிருக்கும், அந்த மெல்லுதல்தான் அவனுக்கு வேண்டும். சீசன் இல்லாதபோது தேங்காய்ச் சில்லு, உலர்ந்த சப்பாத்தி, கேரட். கரும்பு கொடுப்பதில்லை, அவனுக்குச் சக்கையைத் துப்பத் தெரியாது. எதைக் கொடுத்தாலும் உட்காரவைத்து, பக்கத்தில் இருந்து கொடுக்க வேண்டும்.

முன்பு போன ஒரு மையத்தில் நூலில் மிளகாய்த்தூள் தடவி வைக்கச் சொன்னார்கள். கையைக் கட்டி உட்காரவைக்கலாம் என்றும் சொன்னார்கள். அடுத்த வாரம் அங்கே போகவில்லை. வாய் எரிவது எதனால் என்று புரியாத பிள்ளைக்கு அது வெறும் வலி, அதுவும் அம்மா கொடுத்த வலி. யார் சொன்னாலும் செய்யாதீர்கள். முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் நிறுவனம் 2005 முதல் இருக்கிறது. பெரம்பூரிலிருந்து தூரம்தான், ஆனால் மரியாதையாக நடத்துகிற இடத்துக்குத் தூரம் பார்க்கத் தேவையில்லை.

வீட்டைப் பத்திரப்படுத்துவதில் என் தொழிலுக்கென்று சில ஏற்பாடுகள் உண்டு. தைக்கும் அறைக்குக் கதவு, அவன் கைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள். வெட்டின துண்டுத் துணிகள் மூடி போட்ட பையில். வேலை முடிந்ததும் பெரிய லாடக் காந்தத்தைத் தரை முழுக்க ஓட்டி ஊசி, குண்டூசி, பிளவுஸ் கொக்கியெல்லாம் எடுத்துவிடுவேன். சின்னக் காந்தங்களை வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை. இரண்டு காந்தம் வயிற்றுக்குள் போனால் குடலின் இரண்டு மடிப்பை நடுவில் வைத்து ஒட்டிக்கொண்டு ஓட்டை போட்டுவிடும். பட்டன் பேட்டரி அதைவிட அவசரம், உணவுக்குழாயில் மாட்டினால் இரண்டு மணி நேரத்தில் வெந்துவிடும். ரிமோட், எடை மிஷின், பாட்டுப் பாடும் பொம்மை எல்லாவற்றின் பின்மூடிக்கும் ஸ்க்ரூ இருக்கிறதா பாருங்கள்.

கற்பூரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் அதை விஷமாக யாரும் நினைப்பதில்லை. சின்னக் குழந்தைக்குக் கொஞ்சம் போதும், வலிப்பு வரும். எங்கள் சாமி அலமாரியில் விபூதி, கற்பூரம், குங்குமம் எல்லாம் இடுப்பளவு உயரத்தில்தான் இருந்தன. அத்தை தானே எல்லாவற்றையும் எடுத்து மேல் பரணில் பூட்டினார். விளக்கேற்றும்போது ஸ்டூல் போட்டு ஏறுகிறார். வாடிக்கையாளர்களின் பட்டுப்புடவைகளோடு அந்துருண்டை வைப்பதையும் நிறுத்திவிட்டேன், காய்ந்த வேப்பிலை போதும்.

எதையாவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத்தண்ணீர் கொடுக்காதீர்கள். பேட்டரி, காந்தம், கூர்மையான பொருள், கற்பூரம், அந்துருண்டை என்றால் ஒரு நிமிஷமும் காத்திருக்காமல் 108 அல்லது ஆட்டோ. விழுங்கியதில் மிச்சம் இருந்தால், அல்லது அதன் பாக்கெட் இருந்தால், கையோடு கொண்டுபோங்கள். நூல், துணி, முடி தின்கிற பிள்ளைக்கு ஆபத்து மெதுவாக வரும். வயிறு உப்புவது, மலம் போகாமல் நிற்பது, பச்சையாக வாந்தி, இதில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனை. வலிக்கிறது என்று நம் பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள். திடீரென்று தலையில் அடித்துக்கொள்வது, தூங்காமல் முனகுவது, பிடித்த தயிர்சாதத்தைத் தள்ளிவிடுவது, குப்புறப் படுத்து வயிற்றை அழுத்துவது, இவையெல்லாம் வலியாக இருக்கலாம். "ஆட்டிசம், அப்படித்தான் இருப்பான்" என்று யாராவது சொன்னால், டாக்டரே சொன்னாலும், நூல் தின்கிறான், வயிற்றைத் தொட்டுப் பாருங்கள் என்று அழுத்திக் கேளுங்கள்.

இன்று அவன் நூல் தின்பது எப்போதாவதுதான். காய்ச்சல் வந்தால், லீவு நாள் நீண்டால், கூடும். அப்போது நோட்டை மறுபடி எடுப்போம், ஃபெரிட்டினையும் திரும்பப் பார்க்கச் சொல்வோம்.

கடைசியாக உடுப்பு. இது எனக்குத் தெரிந்த வேலை, அதனால் விவரமாகவே சொல்கிறேன். பள்ளியில் கேட்டு, காலர் இல்லாத யூனிஃபார்முக்கு அனுமதி வாங்கினேன். அதே துணியில் நானே தைத்தேன். உள்பக்கம் ஓரம் அடித்து விட்டால் அந்த ஓவர்லாக் நூலைத்தான் முதலில் பிடித்து இழுப்பான். அதனால் முதல் தையலை வெளிப்பக்கம் போட்டு, ஓரத்தை ஒட்டக் கத்தரித்து, திருப்பி இரண்டாவது தையலுக்குள் அதை மூடிவிட வேண்டும். பிரெஞ்சு சீம் என்பார்கள். பிசிறு வெளியே தெரியவே தெரியாது. கழுத்துக்கும் கைக்கும் குறுக்குத் துணியில் பட்டி. பட்டனுக்குப் பதில் தலைவழியாகப் போடும் மாடல். வீட்டில் போடுவதற்குப் பனியன் துணி நல்லது, நெய்த துணி மாதிரி இழை இழையாகப் பிரிந்து வராது. புதுச்சட்டையில் இருக்கும் லேபிளை மட்டும் அறுக்காமல் தையலோடு பிரித்து எடுங்கள்.

பெரம்பூர், அயனாவரம், வில்லிவாக்கம் பக்கம் இதே மாதிரிப் பிள்ளை இருக்கிற வீடு என்றால் துணியும் அளவுக்கு ஒரு பழைய சட்டையும் கொண்டுவாருங்கள், தைத்துத் தருகிறேன். கூலி வேண்டாம். தீபாவளி ஆர்டர் முடியட்டும், அதற்கு அடுத்த வாரத்திலிருந்து எப்போது வேண்டுமானாலும் வரலாம்.